ரஷ்யக் கதைகளில் ஏழைக்கு நண்பன் இல்லையா?

ஒரு வாசகரின் கேள்வி — 10 பிப்ரவரி 2024

கோகலின் 'மேலங்கி', செகாவின் வண்டிக்காரன் கதை, தஸ்தாயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' மூன்றையும் அடுத்தடுத்து வாசித்தேன். மூன்றிலும் நகரத்து ஏழைக்கு ஒருவருமே இல்லை. ஒருவன் கந்தல் அங்கியோடு அலைகிறான், ஒருவன் குதிரையிடம் பேசுகிறான், ஒருவன் அலமாரி போன்ற அறையில் கிடந்து பைத்தியம் பிடிக்கிறான். நிஜத்தில் ஏழைகள் இப்படி இருப்பதில்லையே. ஒற்றை அறையில் நான்கு பேராக இருப்பவர்களுக்குத்தான் நண்பர்கள் அதிகம். நம்மை அழவைப்பதற்காக ரஷ்ய எழுத்தாளர்கள் ஏழையை வேண்டுமென்றே தனியாக்கினார்கள் என்கிறேன். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

10 பிப்ரவரி, இரவு

மறுக்கிறேன். 'மேலங்கி'யின் குமாஸ்தா அக்காகி விஷயத்தில் மட்டும் சரி. ஆண்டுச் சம்பளம் 400 ரூபிள், புது மேலங்கி 80 ரூபிள், நண்பர் ஒருவரும் இல்லை. ஆனால் அங்கேயும் தையல்காரர் பெத்ரோவிச்சை விட்டுவிடாதீர்கள். அங்கியை மாட்டி அனுப்பிவிட்டு அவரும் தெருவில் இறங்குகிறார். தூரத்தில் நின்று பார்க்கிறார். அது போதாமல் ஒரு குறுக்குச் சந்தில் ஓடி முன்னால் வந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு முறை பார்க்கிறார். அவர் பார்ப்பது தன் கைவேலையைத்தான். இருந்தாலும் பீட்டர்ஸ்பர்க் முழுவதிலும் அக்காகிக்காக ஓடிய கால்கள் அவருடையவை மட்டும்தான்.

செகாவின் வண்டிக்காரன் அயோனாவையும் (1886) இன்னொரு முறை வாசியுங்கள். மகன் இறந்ததை யாரிடமும் சொல்ல முடியவில்லை, உண்மை. ஆனால் கடைசியில் வண்டிக்காரர்கள் தங்கும் இடத்தில் என்ன நடக்கிறது? ஓர் இளைஞன் தண்ணீர் குடிக்க எழுகிறான். அயோனா பேச்சைத் தொடங்குகிறான். அதற்குள் அவன் போர்வையை இழுத்து மூடித் தூங்கிவிட்டான். அவன் கல்நெஞ்சன் என்று செகாவ் சொல்லவில்லை. குளிரில் நாள் முழுக்க வண்டி ஓட்டியவன். கேட்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும்.

'குற்றமும் தண்டனையும்' நாயகன் ராஸ்கோல்னிகோவுக்கு நண்பன் இல்லை என்று எப்படிச் சொன்னீர்கள்? ரசூமிகின் எங்கே போனான்?

11 பிப்ரவரி

ரசூமிகினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பலர் அவனைக் கதாநாயகனின் எடுபிடி மாதிரி கடந்துபோகிறார்கள்.

வட்டிக்கடைக் கிழவியையும் அவள் தங்கையையும் கொன்றதற்கு மறுநாள் ராஸ்கோல்னிகோவ் வசீலியெவ்ஸ்கி தீவுக்கு நடந்துபோய் ஐந்தாவது மாடியில் இருக்கும் ரசூமிகின் அறைக்கு ஏறுகிறான். ரசூமிகினும் படிப்பைப் பாதியில் நிறுத்தியவன்தான். கந்தல் அங்கி, முகச்சவரம் இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க அறையில் கணப்பு மூட்டாமலே ஓட்டியவன். குளிரில் தூக்கம் நன்றாக வருகிறது என்று காரணமும் சொன்னவன். நண்பன் முகத்தைப் பார்த்த உடனே அவனுக்கு எல்லாம் தெரிகிறது. ஜெர்மன் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கும் வேலை கையில் இருக்கிறது, 6 ரூபிள் முன்பணம் வாங்கியிருக்கிறான். அதில் பாதி வேலையையும் 3 ரூபிளையும் எடுத்து நீட்டுகிறான். நீட்டும்போது என்ன சொல்கிறான் தெரியுமா? இது உனக்கு உபகாரம் என்று நினைக்காதே, நீ உள்ளே வந்ததும் உன்னால் எனக்கு என்ன பிரயோஜனம் என்றுதான் கணக்குப் போட்டேன், என் ஜெர்மன் மோசம், நீதான் எனக்கு உதவி செய்கிறாய் என்கிறான்.

கொடுப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு, அதை இதைவிட அழகாக யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. வாங்குபவன் தலை குனியாமல் இருக்க, கொடுப்பவன் தன் தலையை முதலில் தாழ்த்திக்கொள்கிறான்.

ராஸ்கோல்னிகோவ் பேசாமல் காகிதத்தையும் காசையும் எடுத்துக்கொண்டு இறங்குகிறான். அடுத்த தெரு வரை போகிறான். திரும்பி மாடி ஏறிவந்து இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுப் போகிறான். அடுத்து நிகலாயெவ்ஸ்கி பாலத்தில் ஒரு வணிகரின் மனைவி அவனைப் பிச்சைக்காரன் என்று எண்ணி, கிறிஸ்துவின் பேரால் என்று சொல்லி 20 கோபெக் (ரூபிளுக்கு 100 கோபெக்) கொடுக்கிறாள். அதைத் தண்ணீரில் எறிகிறான். எல்லாரிடமிருந்தும் தன்னைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டது போல அவனுக்கு அந்த நிமிஷத்தில் தோன்றுகிறது.

என் கட்சி இதுதான்: இந்தக் கதைகளில் ஏழைக்குக் கொடுப்பதற்கு ஆள் இருக்கிறது. வாங்கிக்கொள்வதுதான் முடியவில்லை.

11 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

ரசூமிகின் துணி வாங்கிவந்த கணக்கைக் கேட்டிருந்தீர்கள். தொப்பி 80 கோபெக். கால்சட்டை 2 ரூபிள் 25 கோபெக். பூட்ஸ் ஒன்றரை ரூபிள். உள்ளாடைகள் 5 ரூபிள். மொத்தம் 9 ரூபிள் 55 கோபெக், மீதி 45 கோபெக்கைச் செப்புக் காசாகத் திருப்பித் தருகிறான். பணம் ராஸ்கோல்னிகோவின் தாய் அனுப்பிய 35 ரூபிளிலிருந்து எடுத்த 10 ரூபிள். எல்லாம் பழைய துணி. அளவுக்காக நண்பனின் சேறு காய்ந்த கிழிந்த பூட்ஸைத் தன் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறான். காய்ச்சலில் கிடப்பவனிடம் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, விலை என்ன இருக்கும் சொல் என்று வேலைக்காரி நஸ்தாஸ்யாவைக் கேட்கிறான். நாவலில் நான் மனம்விட்டுச் சிரிக்கும் பக்கங்கள் இவை.

13 பிப்ரவரி

என் கட்சிக்கு இதைவிடப் பலமான சாட்சி ஒரு சிறிய கதையில் இருக்கிறது. 1848இல் தஸ்தாயெவ்ஸ்கி எழுதிய 'பலவீனமான இதயம்'. அதிகம் பேசப்படாத கதை.

ஒரே கூரை, ஒரே வீடு, ஒரே நான்காவது மாடி. வாஸ்யா ஷும்கோவ், அர்க்காதி என்று இரண்டு இளம் குமாஸ்தாக்கள் சேர்ந்து குடியிருக்கிறார்கள். வாஸ்யாவுக்கு ஒரு தோள் சற்றுக் கோணல், கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். கொலோம்னாவில் இருக்கும் லீசாவோடு அவனுக்குத் திருமணம் நிச்சயமாகிறது. அர்க்காதிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். இரண்டு பேரும் போய் அவளுக்கு ஒரு தொப்பி வாங்குகிறார்கள். திருமணத்துக்குப் பிறகு மூவரும் ஒன்றாகவே இருக்கலாம் என்று பேசுகிறார்கள். பொறாமை இல்லை, துரோகம் இல்லை, வில்லன் இல்லை.

வாஸ்யாவை ஆதரிக்கும் பெரிய மனிதர் யூலியன் மஸ்தாகோவிச் கொஞ்சம் நகலெடுக்கும் வேலை கொடுத்திருக்கிறார். லீசா வீட்டுக்கே நடந்துகொண்டிருந்ததில் வேலை தேங்கிவிட்டது. அவ்வளவுதான் பிரச்சினை. நான் அவரிடம் போய்ப் பேசுகிறேன் என்கிறான் அர்க்காதி. பேசவிடாமல் தடுக்கிறான் வாஸ்யா. இவ்வளவு நன்மை செய்தவருக்கு நன்றி கெட்டவனாகிவிட்டேன், இந்தச் சந்தோஷத்துக்கு நான் தகுதி இல்லாதவன் என்று இரவும் பகலும் எழுதுகிறான். ஓர் இரவில் அர்க்காதி கண் விழித்துப் பார்க்கும்போது, வாஸ்யா மை தொடாத பேனாவால் வெற்றுக் காகிதத்தில் வேகவேகமாக எழுதிப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறான். வேலையை முடிக்காததற்குத் தண்டனையாகத் தன்னைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று நம்பி, அந்தப் பெரிய மனிதர் முன்னால் போய்ச் சிப்பாய் போல விறைத்து நிற்கிறான்.

அந்த வேலை ஒன்றும் அவசரமே இல்லை என்று அவர் அதன் பிறகு சொல்கிறார்.

நன்றியின் பாரத்தில் ஒருவனுக்குப் புத்தி பேதலிக்கும் என்று எழுத, எழுதியவனுக்கு வறுமை எவ்வளவு நெருக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் உயிரைக் கொடுக்கும் நண்பன் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே உயரத்தில் இருக்கிறார்கள், வாஸ்யாவைக் கலங்கடிக்கும் பயமோ மேலேயிருந்து வருகிறது. அர்க்காதியின் கை அங்கே எட்டாது.

13 பிப்ரவரி, இரவு

'வேலை இருக்கிறவன் எப்படி ஏழை' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதலாம் நிக்கலாய் மன்னர் காலத்துப் பீட்டர்ஸ்பர்க்கில் கீழ்நிலைக் குமாஸ்தா என்றால் சீருடை உண்டு, பதவிப் பெயர் உண்டு, பசியும் உண்டு. அறை வாடகைக்குக் கிடைக்காதவர்கள் அறையின் ஒரு மூலையை மட்டும் வாடகைக்கு எடுத்தார்கள். 1845இல் கவிஞர் நெக்ராசோவ் அந்த மூலைகளைப் பற்றியே தனியாக எழுதினார். வேலை போனால் மூலையும் போகும்.

17 பிப்ரவரி

வாங்குவதில் என்ன அவ்வளவு கஷ்டம் என்று கேட்பவர்களுக்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நண்பனோடு திருவல்லிக்கேணியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வாடகையை அவன்தான் கொடுத்தான். கைமாற்றாகவும் அவ்வப்போது கொடுப்பான். ஒரு நாளும் கேட்டதில்லை, முகம் சுளித்ததில்லை. அவன் கேட்காததுதான் என்னைக் கொன்றது. அவன் எழுவதற்கு முன்னால் வெளியே போய்விடுவேன், அவன் தூங்கிய பிறகு வருவேன். அவன் வழக்கமாக நிற்கும் டீக்கடைப் பக்கம் போகமாட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆயிற்று என்பேன். அவன் இன்னும் கொஞ்சம் மோசமானவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ராஸ்கோல்னிகோவ் மாடி ஏறி வந்து 3 ரூபிளை வைத்துவிட்டுப் போகும் இடத்தை நான் கதையாக வாசிக்கவில்லை.

17 பிப்ரவரி, இரவு

சேர்ந்து குடியிருந்தவர்கள் என்றதும் கார்க்கி நினைவுக்கு வருகிறார். புனைகதை இல்லை, சொந்த வரலாறு. 1884இல் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று கசானுக்குப் போன பையன் மருசோவ்கா என்ற பாழடைந்த குடியிருப்பில் ஒதுங்குகிறான். அங்கே கூரி பிளெத்னியோவ் என்று ஒரு நண்பன். இருவருக்கும் சேர்த்து ஒரே கட்டில். பிளெத்னியோவுக்கு அச்சகத்தில் இரவில் மெய்ப்புப் பார்க்கும் வேலை, அதனால் கட்டில் இரவில் கார்க்கிக்கு, பகலில் அவனுக்கு. ஓர் இரவுக்குக் கூலி 11 கோபெக். கார்க்கிக்குக் கூலி கிடைக்காத நாளில் அந்தப் 11 கோபெக்கில் இருவரும் ஓட்ட வேண்டும்: 4 பவுண்டு ரொட்டி, 2 கோபெக்குக்குத் தேயிலை, 3 கோபெக்குக்குச் சர்க்கரை.

இங்கே மட்டும் கூச்சம் இல்லை, கவனித்தீர்களா? ஏன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். முறை வைத்துக்கொண்டதால் இருக்கலாம். கட்டிலில் உன் நேரம், என் நேரம். யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை.

18 பிப்ரவரி

தஸ்தாயெவ்ஸ்கியும் இப்படிக் கூட்டாகக் குடியிருந்தவர்தான். முதல் நாவலான 'ஏழை மக்கள்' எழுதியபோது எழுத்தாளர் கிரிகரோவிச்சோடு ஒரே வீட்டில் இருந்தார். 1845 மே மாதம் முடித்த கையெழுத்துப் பிரதியை நெக்ராசோவிடம் எடுத்துக்கொண்டு ஓடியது கிரிகரோவிச். இருவரும் விடிய விடிய வாசித்துவிட்டு, அதிகாலை 4 மணிக்குத் தஸ்தாயெவ்ஸ்கியின் கதவைத் தட்டியிருக்கிறார்கள். தூங்கினால் என்ன, எழுப்புவோம், இது தூக்கத்தைவிடப் பெரிது என்று பேசிக்கொண்டு வந்தார்களாம். இதைத் தஸ்தாயெவ்ஸ்கியே 1877இல் நினைவுகூர்ந்து எழுதுகிறார். ஏழைகளின் நட்பைப் பற்றிய நாவல் இரண்டு பேர் பகிர்ந்துகொண்ட வீட்டிலிருந்து வந்தது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

நாவலில் வயதான குமாஸ்தா மகார் தேவுஷ்கின் அறை என்று சொல்வது சமையலறையில் தடுப்பு வைத்து மறைத்த ஒரு மூலை. முன்பு 30 ரூபிள் கொடுத்துக்கொண்டிருந்தவர், இப்போது வாடகையும் சாப்பாடும் சேர்த்து இருபத்துநாலரை ரூபிளில் முடித்துக்கொள்கிறார். எதிரே, அவரோடு கடிதம் எழுதிக்கொள்ளும் இளம்பெண் வார்வராவின் ஜன்னல் தெரியும், அதுவே முக்கியக் காரணம். மீதிப் பணத்தில் தேநீர் குடிக்கிறார். அதற்கு அவர் சொல்லும் விளக்கம் என்னை எப்போதும் நிறுத்தும்: தேநீர் குடிக்காவிட்டால் வெட்கமாக இருக்கிறது, இங்கே குடியிருப்பவர்கள் எல்லாம் வசதியானவர்கள், மற்றவர்களுக்காகத்தான் குடிக்கிறோம், ஒரு தோரணைக்காக.

அதே வீட்டில் கோர்ஷ்கோவ் என்று வேலை பறிபோன ஒருவர், மனைவி பிள்ளைகளோடு ஒரே அறையில். அந்த அறையிலிருந்து குழந்தைகளின் சத்தம்கூட வராது. ஒருநாள் அவர் தேவுஷ்கினிடம் வந்து கேட்கிறார். கேட்கவே வாய் வராமல் தடுமாறுகிறார். தேவுஷ்கினிடம் இருப்பது 20 கோபெக், அதற்கும் செலவு திட்டமிட்டு வைத்திருக்கிறார். எடுத்துக் கொடுத்துவிடுகிறார். கொடுத்துவிட்டு, இவ்வளவுதானே கொடுக்க முடிந்தது என்று கொடுத்தவர் குன்றிப்போகிறார்.

19 பிப்ரவரி

தேவுஷ்கினை நண்பர் என்று சொல்லலாமா, காதலர் இல்லையா என்று கேட்கிறார்கள். அவரே தகப்பன் பாசம் என்கிறார். கடிதங்களின் குரல் வேறு சொல்கிறது. எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு முக்கியம் வேறு.

நேற்று அவரை ரசூமிகின் வரிசையில் வைக்க நினைத்தேன். இன்று மறுபடி வாசித்ததும் மனம் மாறுகிறது. சம்பளத்தை முன்கூட்டியே வாங்கி, சீருடையை விற்று, வார்வராவுக்கு மிட்டாயும் பூந்தொட்டியும் அனுப்புகிறார். அவளிடம் வங்கியில் போட்டுவைத்த பணம் என்று சொல்லியிருக்கிறார். உண்மை தெரிய வந்ததும் அவளால் தாங்க முடியவில்லை. துரதிர்ஷ்டம் ஒரு தொற்றுநோய், ஏழைகள் ஒருவரை விட்டு ஒருவர் விலகி இருக்க வேண்டும், இல்லையென்றால் இன்னும் தொற்றும் என்று எழுதுகிறாள்.

இந்த இழையைத் தொடங்கிய நண்பருக்கு இந்த வரியைக் காட்ட விரும்புகிறேன். தனிமையைப் பற்றி நாவலிலேயே ஒரு பாத்திரம் சொல்கிறது, அதுவும் அளவு கடந்து அன்பு செய்யப்பட்ட ஒருத்தி. தனிமை அவளுக்கு ஒரு வைத்தியமாகத் தெரிகிறது.

ரசூமிகின் கொடுக்கும்போது கணக்குச் சொல்கிறான், மீதிச் சில்லறை தருகிறான். தேவுஷ்கின் கணக்கை மறைக்கிறார். மறைத்த கணக்குதான் வார்வராவைக் குற்றவாளியாக்குகிறது.

20 பிப்ரவரி

ஒருவர் 'நாம் எல்லோரும் கோகலின் மேலங்கியிலிருந்து வந்தவர்கள் என்று தஸ்தாயெவ்ஸ்கியே சொன்னாரே' என்கிறார். அவர் எழுதிய எதிலும் அந்த வரி இல்லை. பிரெஞ்சுக்காரர் வோகுவே 1886இல் ரஷ்ய நாவல் பற்றி எழுதிய புத்தகத்தில், பெயர் சொல்லாத ஒரு ரஷ்ய எழுத்தாளரின் கூற்றாக அது வருகிறது. பிறகு தஸ்தாயெவ்ஸ்கி பேரில் ஒட்டிக்கொண்டது. மேலும் தேவுஷ்கினே 'மேலங்கி'யை வாசித்துவிட்டுக் கொதிக்கிறார்: என்னை வேவு பார்த்து எழுதியிருக்கிறார்கள், இனி நான் எப்படித் தெருவில் நடப்பேன் என்று.

24 பிப்ரவரி

'நேர்மையான திருடன்' (1848). தையல்காரர் அஸ்தாஃபி இவானோவிச் ஒரு குடிகாரனைத் தன் மூலையில் ஒட்டிக்கொள்ள விடுகிறார். எமெல்யான். நாய்க்குட்டி போலப் பின்னாலேயே வந்தவன், துரத்த மனம் வரவில்லை. ஒருநாள் விற்பதற்கு வைத்திருந்த கால்சட்டை காணாமல் போகிறது. எமெல்யான் தான் எடுக்கவில்லை என்கிறான். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து நெடுநேரம் தேடவும் செய்கிறான். பிறகு வீட்டை விட்டுப் போய், நோயோடு திரும்பி வந்து, சாகும்போது நான்தான் எடுத்தேன் என்கிறான்.

ஆனால் அதற்கு முன்னால் அவன் கேட்பதைக் கவனியுங்கள். என் மேலங்கிக்கு என்ன விலை கிடைக்கும்? அது கந்தல். மூன்று ரூபிள் கிடைக்கும் என்று தையல்காரர் ஆறுதலுக்குச் சொல்கிறார். அப்படியானால் என்னை அதோடு புதைக்காதே, விற்றுக்கொள் என்கிறான். அவனால் முடிந்த ஒரே திருப்பிச் செலுத்தல் அது. தஸ்தாயெவ்ஸ்கியின் ஏழைகளில் கடைசி வரை வாங்கிக்கொள்ளத் தெரிந்தவன் இவன் ஒருவன்தான் என்று முன்பு நினைத்திருந்தேன். இவனும் கணக்கு வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

25 பிப்ரவரி

கூட்டமாக இருக்கும் ஏழைகளைப் பற்றிப் பேசவில்லை என்ற குறை நியாயம். கேள்வி கேட்டவர் சொன்ன 'ஒற்றை அறையில் நான்கு பேர்' கார்க்கியிடம்தான் வருகிறார்கள். நான்கு இல்லை, இருபத்தாறு பேர்.

'இருபத்தாறு ஆண்களும் ஒரு பெண்ணும்' 1899இல் வந்தது. கசானில் நிலவறை பேக்கரி ஒன்றில் கார்க்கியே வேலை செய்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே செங்கல் பதித்த குழி, ஈரத்தில் பச்சை பிடித்தது. காலை 5 மணிக்கு எழுந்து 6 மணிக்கு மேசையில் உட்கார்ந்தால் இரவு 10 வரை முறுக்கிய வடிவில் ரொட்டி சுற்ற வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளக்கூட ஒன்றுமில்லை, எல்லாம் பேசித் தீர்ந்துவிட்டது. யாராவது பாட ஆரம்பித்தால் சேர்ந்து பாடுவார்கள். தினமும் காலையில் மாடியில் ஜரிகை வேலை செய்யும் தான்யா வந்து ரொட்டி கேட்பாள், இவர்கள் கொடுப்பார்கள். அவர்களுடைய ஒரே சந்தோஷம்.

ஒருமுறை ஒருவன் தன் ஒரே சட்டையைத் தைத்துத் தரமுடியுமா என்று அவளிடம் கேட்கிறான். அதெல்லாம் என் வேலையா என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மற்ற இருபத்தைந்து பேரும் யாரைக் கோபிக்கிறார்கள்? கேட்டவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதன் பிறகு யாரும் எதுவும் கேட்டதில்லை. கதையின் முடிவில் எல்லோருமாகச் சேர்ந்து தான்யாவைச் சூழ்ந்து வசைபாடுவதை எல்லோரும் பேசுகிறோம். எனக்கு அந்தச் சட்டைதான் கதை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவனாவது ஊசி நூல் தேடியிருக்கலாமே.

இருபத்தாறு பேர் ஒரே அறையில் இருப்பது நட்பு ஆகிவிடாது. இதை நான் முதல் கேள்விக்குப் பதிலாகவே சொல்கிறேன்.

2 மார்ச்

கார்க்கியின் 'அடித்தளத்தில்' நாடகம் (1902) பற்றி இரண்டு வரி. மாஸ்கோ கலை அரங்கத்தார் அதை மேடையேற்றும் முன்னால் ஹித்ரோவ் சந்தைச் சத்திரங்களைப் போய்ப் பார்த்துவந்தார்கள். கடைசிக் காட்சியில் பாட்டுக்கு நடுவே, 'நடிகன்' என்ற பாத்திரம் தூக்கு மாட்டிக்கொண்ட செய்தி வருகிறது. பாட்டைக் கெடுத்துவிட்டானே முட்டாள் என்கிறான் கூடத் தங்கியிருக்கும் சாத்தின். அதைக் கொடூரம் என்று வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். துக்கத்தை வேறு எப்படிச் சொல்வது என்று அறியாதவனின் குரலாகத்தான் எனக்குக் கேட்கிறது.

3 மார்ச்

ஆந்த்ரேயெவை ஒருவரும் சொல்லவில்லையே. அவருடைய 'பர்கமோத்தும் கராஸ்காவும்' (1898) கதையில் ஒரு முரட்டுப் போலீஸ்காரர், ஈஸ்டர் இரவில் ஒரு குடிகாரனைப் பிடிக்கிறார். பிடிக்கும்போது, அவருக்குத் தருவதற்காக அவன் பையில் வைத்திருந்த வர்ண முட்டை நசுங்கிவிடுகிறது. மனம் உறுத்தி அவனை வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பிட உட்கார வைக்கிறார். சூப்பும் கிண்ணமும் அவனை ஒன்றும் செய்யவில்லை. போலீஸ்காரரின் மனைவி, சாப்பிடுங்கள் கெராசிம் ஆந்த்ரேயிச் என்று தகப்பன் பெயரோடு சேர்த்து மரியாதையாக அழைக்கிறாள். அங்கே உடைந்து அழுகிறான். பிறந்ததிலிருந்து யாரும் தன்னை அப்படிக் கூப்பிட்டதில்லை என்கிறான்.

கசப்பில்லாமல் கொடுக்கத் தெரிந்தவர்கள் பட்டியலில் ரசூமிகினுக்குப் பக்கத்தில் இவளை வைப்பேன்.

9 மார்ச்

பெண்களின் நட்பு எங்கே என்று கேட்டவருக்கு. நஸ்தாஸ்யா இருக்கிறாள், வீட்டுக்காரி சாப்பாட்டை நிறுத்திய பிறகும் ராஸ்கோல்னிகோவுக்குத் தன் பங்கிலிருந்து தேநீரும் முட்டைக்கோஸ் சூப்பும் கொண்டுவருகிறவள். கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கதை பேசுகிறாள், திட்டுகிறாள், சிரிக்கிறாள். அவளிடம் மட்டும் அவன் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. அவள் கொடுப்பதை அவன் கொடுப்பதாகவே நினைக்கவில்லை போலிருக்கிறது.

இன்னொன்று சோனியாவும் லிசாவெதாவும். ஒரே மாலையில் கோடரிக்குப் பலியான இரண்டாவது பெண், எதிர்பாராமல் வீட்டுக்குள் வந்துவிட்ட லிசாவெதா, சோனியாவின் தோழி. எப்போதாவதுதான் வருவாள், இருவரும் சேர்ந்து வாசிப்பார்கள், பேசுவார்கள். சோனியாவிடம் இருக்கும் புதிய ஏற்பாடு லிசாவெதா கொண்டுவந்தது. கழுத்துச் சிலுவைகளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி பழைய துணி விற்பவள், அக்காவிடம் அடிவாங்குபவள். இன்னொருத்தி மஞ்சள் அட்டை வாங்கி உடலை விற்பவள். ஒருவருக்கொருவர் கொடுத்தது ஒரு சிலுவையும் ஒரு புத்தகமும். நாவலில் கடன் இல்லாத ஒரே நட்பு இது. அதைத் தஸ்தாயெவ்ஸ்கி சில வரிகளில் சொல்லி நகர்ந்துவிடுகிறார் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. தனி அத்தியாயம் கேட்டிருக்கும்.

10 மார்ச்

புரட்சிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு நகைச்சுவை எழுத்தாளர் ஸோஷென்கோவை வாசியுங்கள். 1920களில் எழுதிய சின்னச் சின்னக் கதைகள். ஒரு வீட்டை அறை அறையாகப் பிரித்துக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள், சமையலறை எல்லோருக்கும் பொது. 'நரம்புத் தளர்ச்சி கொண்டவர்கள்' என்ற கதையில் பிரைமஸ் அடுப்பைச் சுத்தம் செய்யும் ஒரு சிறிய தூரிகைக்காகச் சண்டை மூள்கிறது. போரில் காலை இழந்த கவ்ரீலவ் தலையில் அடிபட்டு விழுகிறார். வழக்கு நீதிமன்றம் போகிறது.

வாசிக்கும்போது சிரிப்பு வருகிறது, அது ஸோஷென்கோவின் திறமை. ஆனால் இந்த இழையில் பேசியதை வைத்துப் பார்த்தால், தேவுஷ்கினுக்கும் வார்வராவுக்கும் நடுவே ஒரு முற்றம் இருந்தது, கடிதம் எழுத அது இடம் கொடுத்தது. ரசூமிகின் வீட்டுக்கு நடந்துபோக ஆறு தாண்ட வேண்டியிருந்தது. பொதுச் சமையலறையில் அந்த இடைவெளி இல்லை. அடுத்தவர் பாத்திரத்தில் என்ன கொதிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வறுமையை மறைக்க வழியில்லாதபோது அதைப் பகிரவும் வழியில்லை என்று தோன்றுகிறது. இதை இன்னும் நான் முழுதாக நம்பவில்லை. கசானில் ஒரே கட்டிலைப் பகிர்ந்த இருவர் இதற்கு எதிராக நிற்கிறார்கள். ஸோஷென்கோவை நிறைய வாசித்தவர்கள், அந்தச் சமையலறைகளில் ஒருவர் இன்னொருவருக்குக் கைமாற்றுக் கொடுக்கும் கதை ஏதாவது இருந்தால் இங்கே எழுதுங்கள், அதை வைத்து மேலே பேசலாம்.